தண்ணீர் மேற்கே போனது

அலுவலகத்தில் எனக்கு ‘நூல்’ என்று பெயர். நான் இழுக்கிற கோடு நூல் பிடித்தாற்போல இருக்கும் என்பதற்காக எங்கள் பெரிய அதிகாரியே வைத்த பெயர் அது. முப்பத்து நான்கு வருடம் சர்வேயராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற அன்றும், பேச வந்த எல்லோரும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் பேசினார்கள். நானும் கூச்சமில்லாமல் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். சொல்ல எனக்கு இஷ்டமில்லை. ஆனால் வேறு யாருக்கும் அது தெரியாது, அதுதான் சிக்கல்.

எங்கள் ஊருக்கு மேலே, மலையடிவாரத்தில் ஒரு அணை இருக்கிறது. திறந்து பதினாறு வருடமாகிறது. ஒரு வருடம்கூட முழுதாக நிரம்பியதில்லை. சுவரின் கீழ்ப்பாதியில்தான் தண்ணீர்க் கறை இருக்கும். மேல்பாதி நேற்றுப் பூசியது மாதிரி வெளுப்பாகவே நிற்கிறது. அணை கட்டுவதற்கு முன்னால் ஒரு கணக்குப் போடுவார்கள், எவ்வளவு நிலத்தில் பெய்கிற மழை இங்கே வந்து சேரும் என்று. அந்த நிலத்தின் விளிம்பு மலைமுகட்டில் ஓடுகிறது. முகட்டுக்கு இந்தப் பக்கம் விழுகிற துளி எங்கள் ஆற்றுக்கு, அந்தப் பக்கம் விழுகிற துளி மேற்கே இருக்கிற ஆற்றுக்கு. அந்த விளிம்பை நடந்து பார்த்து, அளந்து, வரைபடத்தில் கோடாக ஏற்றியவன் நான்.

அணை திறந்த முதல் வருடம் பாதிதான் நிரம்பியது. புது அணை, மண் குடிக்கத்தான் செய்யும் என்றார்கள். இரண்டாம் வருடமும் பாதி. மூன்றாம் வருடம் மழையும் குறைந்துபோக, ஊரில் மூன்று மாதம் குழாயில் காற்றுதான் வந்தது. ஆற்றோரத் தோட்டங்கள் நின்ற நிலையில் காய்ந்தன. யார் தலையிலாவது பழியைப் போட்டால்தான் ஊர் அடங்கும் என்ற நிலைமை. பொறியாளர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். மழை அளவு சரி. நிலத்தின் பரப்பும் சரி, வரைபடம் அப்படித்தான் சொல்கிறது. தண்ணீர் மட்டும் இல்லை. அப்படியானால் வந்த தண்ணீர் மதகு வழியாக வெளியே போயிருக்க வேண்டும். மதகுக்குக் கீழே அகலமான மணல் படுகை, கசிந்த தண்ணீர் யார் கண்ணிலும் படாமல் அதிலேயே இறங்கியிருக்கும் என்று அதற்கும் ஒரு விளக்கம் கண்டுபிடித்தார்கள். மதகின் சக்கரம் ஒரே ஒரு ஆளின் பொறுப்பில் இருந்தது. அவர் என் தங்கையின் கணவர்.

மாப்பிள்ளைக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். அதற்கு முன்னால் அவர் ஒரு பம்புசெட் பட்டறையில் இருந்தார். கை சுத்தம், வாய் அதைவிடச் சுத்தம். ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம். என் தங்கை அவருக்கும் சேர்த்துப் பேசுவாள். ஐம்பதை நெருங்கிவிட்டாள், இன்னும் அவளை வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். அணையில் மாப்பிள்ளை காலையும் மாலையும் சுரங்கப் படியில் இறங்கிச் சக்கரத்தை இறுக்கிப் பார்த்துவிட்டு, மேலே வந்து பதிவேட்டில் நேரம் போட்டு ‘மூடியுள்ளது’ என்று எழுதுவார். மூன்று வருடப் பதிவேட்டில் ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. விசாரணையில் அதையே அவருக்கு எதிராகத் திருப்பினார்கள். இவ்வளவு ஒழுங்காக எழுதியிருக்கிறார் என்றால் இறங்கிப் பார்க்காமலே எழுதியிருக்கிறார் என்றார்கள்.

விசாரணை நடந்துகொண்டிருக்கும்போது எங்கள் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. அணைக்கு நீர் வரும் பரப்பின் எல்லைக் கோடு சரிதானா என்று உறுதி செய்து அனுப்பவும் என்று கேட்டிருந்தார்கள். கோடு என்னுடையது என்பதால் பெரிய அதிகாரி அதை என் மேசைக்குத் தள்ளிவிட்டார். நான் மலைக்குப் போகவில்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. ‘எல்லைக் கோடு களத்தில் சரிபார்க்கப்பட்டது. மாற்றம் எதுவும் இல்லை’ என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். மறு வாரம் மாப்பிள்ளையை வேலையை விட்டு நீக்கினார்கள்.

அந்த இரண்டு வரியும் பொய் என்று எழுதும்போதே எனக்குத் தெரியும்.

அதற்கு ஒன்பது வருடத்துக்கு முன்னால், அணையைப் பற்றிய பேச்சே எழாத காலத்தில், அந்த முகட்டை அளக்க நான் போயிருந்தேன். பெரும்பாலான இடத்தில் முகடு கத்தி முனை மாதிரி இருக்கும், கோடு எங்கே என்று யோசிக்கவே வேண்டாம். ஒரு கணவாயில் மட்டும் அப்படி இல்லை. அங்கே முகடு படுத்துவிட்டது. இரண்டு கிலோமீட்டர் அகலத்துக்கு முழங்கால் புல் வளர்ந்த மேல்சமவெளி. அதன் மேற்கு விளிம்பில், எனக்கும் முந்தைய தலைமுறை சர்வேயர்கள் நட்ட எண் போட்ட கல் ஒன்று நிற்கிறது. கல்லுக்குக் கிழக்கே உள்ள சமவெளி முழுக்க எங்கள் ஆற்றைச் சேர்ந்தது என்று பழைய வரைபடம் சொல்லிற்று. கல்லுக்கு மேற்கே நிலம் சட்டென்று இடிந்து இறங்கும். அந்தப் பக்கத்து ஓடை செங்குத்தாக ஏறி வந்து கல்லுக்கு நாற்பதடி தள்ளி நின்றது.

இந்த மாதிரி மேடு பள்ளம் தெரியாத இடத்துக்கு எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு கேன் தண்ணீரைக் கொண்டுபோய்ப் புல்லை விலக்கித் தரையில் மெதுவாக ஊற்ற வேண்டும். அது எந்தப் பக்கம் போகிறது என்று நின்று பார்க்க வேண்டும். எதிர்பார்த்த பக்கம் போகவில்லை என்றால் இருபது அடி தள்ளி மறுபடி ஊற்ற வேண்டும். தண்ணீர் இரண்டாகப் பிரிகிற இடம் கிடைக்கும்வரை இப்படியே போக வேண்டும். கண்ணும் கருவியும் ஏமாற்றலாம், தண்ணீர் ஏமாற்றாது என்பது விதி.

என்னோடு சங்கிலிக்காரர் ஒருவர் வந்திருந்தார். சங்கிலி போட்டு அளக்கிற காலம் போய் எத்தனையோ வருடமாகியும் அந்தப் பதவிக்குப் பெயர் அப்படியே இருந்தது. அவர் கல்லுக்குப் பக்கத்தில் தண்ணீரை ஊற்றினார். மேற்கே போயிற்று. இருபது அடி கிழக்கே தள்ளி ஊற்றினார். மேற்கே திரும்பிக் கல்லைப் பார்த்து ஓடியது. நாற்பதாவது அடியிலும் அப்படியே. ஒவ்வொன்றையும் நான் களக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அறுபதாவது அடியில் ஊற்றுவதற்குள் தண்ணீர் தீர்ந்துவிட்டது.

“சார், எல்லாம் மேக்கதான் போகுது. இன்னும் தண்ணி கொண்டாரட்டுமா?” என்று கேட்டார்.

நான் கிழக்கே பார்த்தேன். சமவெளியின் அந்தக் கோடியில் ஒரு சின்ன மேடு தெரிந்தது. கோடு ஒருவேளை அங்கே இருக்குமானால் இந்தச் சமவெளி முழுவதும் மேற்கு ஆற்றுடையது. கல் நட்ட காலத்தில் எங்கள் பக்கம் இருந்தது எப்போதோ அந்தப் பக்கம் போயிருக்கிறது. அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிவந்தேன். புரிந்தது. நன்றாகவே புரிந்தது.

கோட்டை நகர்த்துவதென்றால் சும்மா இல்லை. இரண்டு பள்ளத்தாக்கிலிருந்தும் அதிகாரிகள் வர வேண்டும், எல்லோரும் பார்க்க மறுபடி அளக்க வேண்டும், ஆறு வரைபடத் தாள்களைத் திருத்த வேண்டும். அதற்குக்கூட நான் பயப்படவில்லை. முந்தின வருடம் வேறொரு இடத்தில் பழைய அளவு தப்பு என்று எழுதிக் கொடுத்து, கடைசியில் என் கருவியின் கால் சேற்றில் இறங்கியிருந்ததுதான் காரணம் என்று தெரிந்தது. பெரிய அதிகாரி என் அறிக்கையை எல்லார் முன்னாலும் உரக்கப் படித்து, கல் எழுந்து நடந்துபோனதா என்று கேட்டார். ஒரு வாரம் அலுவலகமே என்னைப் பார்த்தால் ‘கல் எங்கே போச்சு’ என்று கேட்டுச் சிரித்தது. எனக்கு மூக்கின்மேல் கோபம் வரும், ஆனால் சிரிப்பைத் தாங்குகிற தோல் கிடையாது. இன்னொரு முறை அந்தச் சிரிப்பைக் கேட்க முடியாது என்று தோன்றிற்று. வேறொரு காரணமும் இல்லை.

வேண்டாம், நாம் மிதித்து மிதித்துத் தரை கெட்டுப்போயிருக்கிறது என்று சங்கிலிக்காரரிடம் சொன்னேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார், காலி கேனைத் தோளில் போட்டுக்கொண்டார். குறிப்பேட்டில் நான் எழுதியிருந்த மூன்று வரியையும் அடித்தேன். அழிக்கக் கூடாது என்பது எங்கள் விதி. ரப்பரே எடுத்துப்போக மாட்டோம். தப்பை ஒற்றைக் கோட்டால், கீழே எழுத்துத் தெரிகிற மாதிரி அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நான் விதிப்படிதான் அடித்தேன். கீழே ‘பழைய கல்லின்படி’ என்று எழுதினேன்.

அலுவலகத்தில் என் கோட்டைப் பழைய கோட்டின்மேல் வைத்துப் பார்த்தார்கள். முடி அளவு வித்தியாசம் இல்லை. எப்படி இருக்கும்? பெரிய அதிகாரி என் முதுகில் தட்டி, நூல் பிடிச்ச மாதிரி இருக்குய்யா என்றார். அப்படி வந்த பெயர்தான் அது.

மாப்பிள்ளையை நீக்கிய பிறகு ஊர் அவர்களைச் சும்மா விடவில்லை. பாப்பா வீட்டு வாசலில் காலி வாளிகளைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார்கள். அவள் அவற்றை அடுக்கி ஓரமாக வைப்பாள். கடையில் அவளுக்கு முன்னால் நின்றவர்கள் நகர்ந்து நிற்பார்கள். ஆறு மாதத்தில் ஊரின் மறுகோடிக்கு, யாருக்கும் தெரியாத ஒரு சந்துக்குக் குடிபோனார்கள். அவரை நீக்கிய பிறகும் அணை நிரம்பவில்லை, வருடத்துக்கு ஒரு காரணம் சொன்னார்களே தவிர அவர்மேல் போட்ட பழியை யாரும் திரும்ப எடுக்கவில்லை. அப்போதெல்லாம் நான் அடிக்கடி போவேன், பழம் வாங்கிப் போவேன், பாப்பாவுக்கு ஆறுதல் சொல்வேன். எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்துத்தான் அந்தக் கடிதத்தை எழுதினேன், நீக்குவார்கள் என்று யார் கண்டது என்று எனக்குள் சப்பைக்கட்டு கட்டிக்கொள்வேன். உண்மையைச் சொன்னால் அணையே தப்பு என்றாகிவிடும், அவ்வளவு பெரிய சுவரை என் ஒருவன் தலையில் தூக்கி வைப்பார்கள் என்ற பயம் உள்ளே இருந்தது.

ஒரு நாள் மாப்பிள்ளை சந்து முனைவரை என்னோடு வந்தார். வழக்கமாக வாசலோடு நின்றுகொள்கிறவர். தலையைக் குனிந்துகொண்டு, “மச்சான், நீங்க சொல்லி வாங்கிக் கொடுத்த வேலை. உங்க பேரைக் கெடுத்துட்டேன். மன்னிச்சுக்கங்க” என்றார்.

நான் அவர் தோளில் கை வைத்து, பரவாயில்லை மாப்பிள்ளை, விடுங்க என்றேன். அவருடைய மன்னிப்பை வாங்கிக்கொண்டேன். பதின்மூன்று வருடமாக எனக்கு நினைவு வரும்போதெல்லாம் உடம்பு கூசுவது அந்தப் பொய்க் கடிதத்துக்காக இல்லை, இந்தப் பரவாயில்லைக்காகத்தான்.

போன மாதம் ஒரு ஆய்வாளர் என்னைத் தேடி வந்தார். நிலம் எப்படித் தேய்கிறது, ஆறுகள் எப்படி இடம் மாறுகின்றன என்று படித்த பெண். நாற்பது வயதிருக்கும், பேச்சில் பந்தா கிடையாது. அணை ஏன் நிரம்பவில்லை என்று புதிதாக ஆராயச் சொல்லி அவரை அனுப்பியிருந்தார்கள். முகட்டில் அந்தக் கல் எங்கே என்று காட்ட முடியுமா என்று கேட்டார். முழங்கால் வலி என்று சொல்லித் தட்டிக்கழிக்கப் பார்த்தேன். ஜீப் மேலே வரைக்கும் போகுது சார், நீங்க கையை நீட்டினா போதும் என்றார்.

இருபத்திரண்டு வருடம் கழித்து அந்தச் சமவெளியைப் பார்த்தேன். கல் கொஞ்சம் மேற்கே சாய்ந்து நின்றது. நாற்பதடி தள்ளியிருந்த ஓடை இப்போது எட்டிப் பிடிக்கிற தூரத்துக்கு வந்திருந்தது. ஆய்வாளர் தன் பாட்டிலைத் திறந்து கல்லடியில் தண்ணீரை ஊற்றினார். மேற்கே போயிற்று. எவ்வளவு கருவி வந்தாலும் இதுதான் சார் எனக்குத் திருப்தி என்று சிரித்தார். என் முகத்தில் ஈயாடவில்லை, அவர் கவனிக்கவில்லை.

பிறகு சமவெளியின் கிழக்குக் கோடிக்கு, அந்தச் சின்ன மேட்டுக்குக் கூட்டிப்போனார். மேட்டை அடுத்து எங்கள் பக்கம் இறங்குகிற ஒரு வறண்ட பள்ளம். அதில் குனிந்து ஒரு கல்லை எடுத்து என் கையில் கொடுத்தார். உருண்டு வழவழப்பாக இருந்தது. ஆறு உருட்டினால்தான் கல் இப்படி ஆகும், ஆனால் இங்கே இப்போது ஆறே இல்லை என்றார். முன்பு சமவெளியில் ஓடிய ஆறு இந்தப் பள்ளம் வழியாகத்தான் கிழக்கே இறங்கியிருக்கிறது. மேற்குப் பக்கம் பாறை மென்மை, சரிவு அதிகம், மழையும் அதிகம். அந்தப் பக்கத்து ஓடை தன் தலையைப் பின்னால் பின்னால் அரித்துக்கொண்டே வந்து, ஒரு நாள் சமவெளியின் விளிம்பை உடைத்து, இந்த ஆற்றின் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. மேற்கு ஆறு கொழுத்தது, எங்கள் ஆறு மெலிந்தது. மலை அசையாது என்று நாம் நினைக்கிறோம், முகடு நகர்ந்துகொண்டேதான் இருக்கிறது என்று விளக்கினார். எனக்கு ஒரு பாடமும் தேவைப்படவில்லை. கேட்டுக்கொண்டு நின்றேன்.

“இது எப்பம்மா நடந்திருக்கும்?” என்று கேட்டேன். வேறு எதையும் கேட்டிருக்கலாம்.

“அதான் சார் கஷ்டம். விளிம்பு தேயறது வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு அடி இருக்கும். ஆனா உடையறதுன்னா ஒரே மழையில உடைஞ்சிடும். பத்து வருஷம் முன்னாடி நடந்ததா, முப்பது வருஷம் முன்னாடி நடந்ததான்னு மண்ணைப் பார்த்து என்னால சொல்ல முடியாது. ஆனா உங்க கடிதம் இருக்கே. பதின்மூணு வருஷத்துக்கு முன்னாடி களத்துல பார்த்தோம், மாற்றம் இல்லைன்னு எழுதியிருக்கீங்க. அப்போ அதுக்கு அப்புறம்தான் உடைஞ்சிருக்கணும். அப்படித்தான் எழுதப் போறேன்.”

நான் கையிலிருந்த உருண்டைக் கல்லையே திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு அவர் வேறு மாதிரி புரிந்துகொண்டார். இதில் உங்கள் தப்பு எதுவுமே இல்லை சார், நீங்கள் அளந்தபோது கோடு அங்கேதான் இருந்தது, பிறகு இயற்கை நகர்த்திவிட்டது, அதற்கு யார் என்ன செய்ய முடியும் என்று எனக்குச் சமாதானம் சொன்னார். இருபத்திரண்டு வருடமாக நான் தேடாமல் தேடிக்கொண்டிருந்த வாசல் அது. மலையே வந்து எனக்குச் சாட்சி சொல்கிற மாதிரி இருந்தது. தலையை ஆட்டிவிட்டால் போதும்.

அந்த மதகுக்காரர் விஷயம் என்னவாகும் என்று மெல்லக் கேட்டேன். அவர் என் உறவு என்று ஆய்வாளருக்குத் தெரியாது. அதை நாங்கள் விசாரிக்கவில்லை சார், ஆனால் கணக்குப்படி அந்த மூன்று வருடமும் சமவெளித் தண்ணீர் கிழக்கேதான் வந்திருக்கிறது, அதனால் அவர்மீது சொன்ன குற்றம் அப்படியே இருக்கும் என்றார். அந்தக் காலத்துக் களக் குறிப்பேடு ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்றும் கேட்டார். அலுவலகத்திலேயே இருக்கும் என்றேன். அறிக்கையை வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும், அதற்குள் கிடைத்தால் நல்லது என்றார்.

குறிப்பேடு என் வீட்டு அலமாரியில் இருந்தது. ஓய்வு பெறுகிற அன்று, விதியை மீறி, பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஏன் எடுத்து வந்தேன், எரிக்கவா, வைத்துக்கொள்ளவா என்று அன்றைக்கும் தெரியாது. மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். கேட்க ஆளில்லாத வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் அதைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பென்சில் மங்கவே இல்லை. ‘கல்லடி: மேற்கு. இருபது அடி: மேற்கு. நாற்பது அடி: மேற்கு.’ மூன்றின் மேலும் ஒவ்வொரு கோடு. நூல் பிடித்தாற்போன்ற கோடு. ஓரத்தில் நாளும் என் கையெழுத்தும். சங்கிலிக்காரர் இறந்து ஏழு வருடமாயிற்று. இந்தப் பக்கத்தை அடுப்பில் போட்டால் உலகத்தில் வேறு சாட்சி இல்லை. இரண்டு முறை எழுந்து அடுப்பறைக்குப் போனேன், இரண்டு முறையும் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தேன்.

எனக்கு எரிச்சலாக வந்தது. யார் மேல் என்றால் மாப்பிள்ளை மேல். அந்த மனுஷன் ஒரு தடவையாவது மேசையைத் தட்டி நான் மூடினேன் என்று சண்டை போட்டிருந்தால், மேல்முறையீடு என்று அலைந்திருந்தால், யாராவது மலைக்குப் போய்ப் பார்த்திருப்பார்கள். உண்மை தானாக வெளியே வந்திருக்கும். கொடுத்த உத்தரவை வாங்கிக்கொண்டு வாய் பேசாமல் போனாரே, ஏன் போனார்? தப்புச் செய்தவன் நான், சண்டை போடாததற்கு அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். என் யோக்கியதை அன்றைக்கு எனக்கே அருவருப்பாக இருந்தது.

வியாழக்கிழமை காலை குறிப்பேட்டை ஆய்வாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலில் தங்கை வீட்டுக்குப் போகாமல் அவரிடம் போனது தைரியத்தால் இல்லை. காகிதம் கையில் இருக்கும்வரை என்னை நம்ப முடியாது என்று எனக்குத் தெரியும். அவர் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் எழுதிய கடிதமும் தெரிந்தே எழுதியதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னைச் சார் என்று கூப்பிடவில்லை. இதையும் அறிக்கையில் சேர்க்க வேண்டியிருக்கும், அந்த மதகுக்காரர் பெயரில் இருப்பதை நீக்கச் சொல்லியும் எழுதுவேன் என்று மட்டும் சொன்னார்.

அங்கிருந்து நேராகப் பாப்பா வீட்டுக்கு நடந்தேன். மத்தியான வேளை. மாப்பிள்ளை சாப்பாட்டுக்கு வந்திருந்தார். இப்போது அவர் மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டுகிற ஒரு கடையில் வேலை செய்கிறார், விரலெல்லாம் செம்புக் கம்பி கீறிய தழும்பு. பாப்பா என்னைப் பார்த்ததும், என்ன அதிசயம், வழி தெரிஞ்சுதா என்று கேலி செய்துகொண்டே தட்டு எடுக்கப் போனாள். வேண்டாம், உட்கார் என்றேன். என் குரலைக் கேட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஒன்றையும் பூசி மெழுகாமல் சொன்னேன். கல்லடியில் ஊற்றிய தண்ணீரிலிருந்து ஆரம்பித்து, பெரிய அதிகாரியின் சிரிப்பு, அடித்த மூன்று வரி, நாற்காலியில் உட்கார்ந்து எழுதிய கடிதம், ஆய்வாளர் காட்டிய வாசல், எல்லாவற்றையும். இடையில் யாரும் எனக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. பாப்பாவின் முகம் மாறுவதைப் பார்க்கப் பயந்து மாப்பிள்ளையையே பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. முடித்ததும் எழுந்து வந்து அறைவார் என்று எதிர்பார்த்தேன். அறைந்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

“மச்சான்,” என்றார். “அப்போ நான் மூடித்தான் வெச்சிருந்தேனா?”

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை.

“மதகை. நான் ஒழுங்கா மூடியிருந்தேனா?”

“மூடியிருந்தீங்க மாப்பிள்ளை.”

“எல்லா நாளுமா?”

“எல்லா நாளும்.”

அவர் பாப்பாவைத் திரும்பிப் பார்த்தார். பாப்பாதான் சொன்னாள், என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு. விசாரணையின் முதல் நாள் வந்து நான் மூடினேன் பாப்பா என்றாராம். ஒரு மாதம் திரும்பத் திரும்பக் கேட்டபிறகு, மூடின மாதிரிதான் இருக்கு என்றாராம். கடைசியில், நான்தான் எங்கயோ விட்டிருக்கேன், பெரிய பெரிய படிச்சவங்க கணக்குப் போட்டுப் பார்த்துட்டாங்க, கணக்கு எப்படித் தப்பாகும் என்று சொல்லிவிட்டாராம். அதனால்தான் சண்டை போடவில்லை. அன்றிலிருந்து வீட்டுக் கதவைப் பூட்டினால் அவரால் நம்ப முடியாது. பாதி வழியில் திரும்பி வருவார். கடைச் சாவியை முதலாளி கொடுத்தால் வாங்க மாட்டார். அந்த வருடம் குழாய் வறண்டதும், தோட்டங்கள் காய்ந்ததும், எல்லாம் தன் கையால் நடந்தது என்று பதின்மூன்று வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறார்.

நான் எடுத்துக்கொண்டது அவருடைய வேலையை என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.

மாப்பிள்ளை சோற்றுக் கையைத் தட்டின் விளிம்பில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். சத்தமே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. அவர் அழுது நான் பார்த்ததில்லை. என்னால் தாங்க முடியவில்லை. கிளம்பறேன் பாப்பா என்று முனகிக்கொண்டு எழுந்தேன்.

“உட்காருங்கண்ணா,” என்றாள் பாப்பா. அவள் குரல் ஏறவில்லை. “அவர் அழுது முடிக்கிற வரைக்கும் நீங்க இங்கதான் இருக்கணும். வேற பக்கம் பார்க்கக் கூடாது.”

நான் உட்கார்ந்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன்.